ஸ்கேனர் பதிவைச் சுத்தம் செய்ய எந்த விரிதாள்?

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் போலீஸ், தீயணைப்பு வானொலி பி25 டிரங்கிங் முறைக்கு மாறிவிட்டது. அங்கே ஒரு துறைக்கென்று நிலையான அதிர்வெண் கிடையாது. காலியாக இருப்பதை அழைப்புக்கு அழைப்பு அமைப்பே ஒதுக்கித் தரும். ஆகவே இந்த வானொலியைக் கேட்டுக் குறித்துவைக்கும் ஸ்கேனரின் பதிவில் எந்தக் குழு பேசியது என்று காட்டுவது டாக்குரூப் எண்தான். விரிதாள் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

சில பதிவுகளில் டாக்குரூப் பதினாறடிமான எண்ணாக இருக்கும். 1000 என்ற குழு அதில் ‘3ஈ8’. நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து ஈ. அந்த சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தால், ஈ-யைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 30 கோடி ஆக்கிவிடக்கூடும். அப்படியே சேமித்தால் பழைய எண் போனதுதான். பிறகு அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கினாலும் திரும்பாது. (சில மனித மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள்!)

தேதியில் இதைவிட நாசூக்கான சேதம். அமெரிக்கப் பதிவில் மாதம் முதலில் வரும். இந்திய அமைப்புள்ள கணினியில் மார்ச் 4 சத்தமில்லாமல் ஏப்ரல் 3 ஆகிவிடும். மார்ச் 14 மட்டும் புரியாமல் வெறும் எழுத்தாக நிற்கும். நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் இதுதான் காரணம்.

எதில் சூத்திரங்கள் அதிகம் என்று பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். கோப்பைத் திறக்கும்போது நம்மைக் கேட்கிறதா, தானே முடிவெடுக்கிறதா என்று பாருங்கள்.

எப்போதாவது ஒரு கோப்பு என்றால் என் ஓட்டு லிப்ரெஆஃபீஸ் கால்க்குக்கு. இலவசம் என்பது இரண்டாவது காரணம்தான். சிஎஸ்வியைத் திறந்ததுமே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று கேட்கும். டாக்குரூப்புக்கு ‘டெக்ஸ்ட்’, தேதிக்கு ‘மாதம்-நாள்-ஆண்டு’ என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

வாராவாரம் பதிவு வருகிறதா? எக்செல்லின் பவர் குவெரி. ‘டேட்டா’ மெனு வழியாகக் கோப்பை உள்ளே எடுத்து, அது தானாகச் சேர்க்கும் வகைமாற்றப் படியை நீக்கிவிட்டு, தேதியை அமெரிக்க வழக்கப்படி படிக்கச் சொல்லுங்கள். அந்தப் படிகள் நினைவில் நிற்கும். அடுத்த வாரம் ‘ரிஃப்ரெஷ்’ போதும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள்தான் கொள்ளும். பரபரப்பான நகரத்தின் நீண்டகாலப் பதிவு அதைத் தாண்டலாம்.

கூகுள் ஷீட்ஸ் நாலு பேர் சேர்ந்து பார்க்க மட்டும். கோப்பை இறக்குமதி செய்யும்போது எழுத்தை எண்ணாக மாற்றும் டிக்கை எடுத்துவிட மறக்காதீர்கள்.

டாக்குரூப் பெயர்கள்தான் சிக்கல் என்றால் ஓப்பன்ரிஃபைன் என்ற நிரல். ‘ஃபயர் டிஸ்பாட்ச்’, ‘டிஸ்பாட்ச் - ஃபயர்’ போன்ற இரட்டைகளை ‘ஃபிங்கர்பிரிண்ட்’ முறை அழகாகச் சேர்த்துக் காட்டும். அதிலேயே ‘நியரஸ்ட் நெய்பர்’ என்ற இன்னொரு முறையும் உண்டு. அதன் பேச்சை அப்படியே கேட்காதீர்கள். ‘ஃபயர் டாக் 2’, ‘ஃபயர் டாக் 3’ இரண்டுக்கும் ஒரே எழுத்து வித்தியாசம் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கும். ஒரே தீ விபத்தில் அவை இரண்டு தனித்தனி அணிகளுக்கானவையாக இருக்கக்கூடும்.

எந்த நிரலின் ‘டூப்ளிகேட் நீக்கு’ பொத்தானும் பிடிக்காத இரட்டை ஒன்று உண்டு. ஒரே அழைப்பு இரண்டு கோபுரங்கள் வழியாகப் பதிவானால் நேரத்தில் ஒரு விநாடி வேறுபடலாம். வரிசைகள் ஒன்றாக இராது. டாக்குரூப், நேரம் என வரிசைப்படுத்தி, மேல் வரிசையோடு உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். இரண்டு விநாடிக்குள் இருந்து, பேசிய ரேடியோவின் எண்ணும் ஒன்றானால் குறியிடுங்கள். உடனே அழிக்க வேண்டாம். ரேடியோ எண் வேறு என்றால் அது பதில் அழைப்பாக இருக்கலாம்.

நேரத்தை எப்படிப் பதிவது என்று மென்பொருள் கேட்டால் யூனிக்ஸ் விநாடியைத் தேர்ந்தெடுங்கள். 86,400-ஆல் வகுத்து 25,569-ஐக் கூட்டினால் எக்செல்லுக்கான தேதி, உலகப் பொது நேரத்தில், கிடைத்துவிடும். உள்ளூர் நேரத்தை நம்பினால், நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் அமெரிக்கக் கடிகாரங்கள் பின்வாங்கும்போது ஒன்றரை மணி இரண்டு முறை வரும். எது முந்தியது என்று எந்த விரிதாளும் சொல்லாது.