பிரசவப் பை தயாரா?



மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்று கணக்குப் பார்க்கிறோம். நம் குழுவில் கர்ப்பிணி உறுப்பினரோ, உறுப்பினரின் மகளோ மருமகளோ இருந்தால், அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "பிரசவப் பை தயாரா?"

பைக்கு என்ன அவ்வளவு முக்கியம் என்று தோன்றலாம். பிரசவத்தில் தாமதம் மூன்று இடங்களில் ஏற்படுகிறது. வீட்டில் கிளம்ப முடிவெடுப்பது, ஆஸ்பத்திரி போய்ச் சேருவது, அங்கே சிகிச்சை தொடங்குவது. இதில் முதல் தாமதம் நம் கையில்தான் இருக்கிறது. நடுராத்திரியில் வலி வந்த பிறகு, "அட்டை எங்கே? பணம் எங்கே? கூட யார் போறது?" என்று தேடினால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரத்தப்போக்கு அதிகமானால் சில மணி நேரத்துக்குள் தாயின் உயிருக்கே ஆபத்து வரும். அப்போது அந்த ஒரு மணி நேரம் ரொம்பப் பெரியது.

எப்போது தயார் செய்யணும்?

டாக்டர் சொன்ன தேதியிலேயே வலி வரும் என்று சொல்ல முடியாது. முன்னே பின்னே ஆகும். குறைமாதத்திலும் வரலாம். அதனால் எட்டாம் மாதம் முடிவதற்குள் பை தயாராக இருக்கணும்.

"பொறக்கிறதுக்கு முன்னாடி குழந்தைக்குத் துணி சேர்க்கக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். புதுத்துணி தேவையே இல்லை. பழைய பருத்தி வேட்டி, சேலையைக் கிழித்து, நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்தால் போதும். பச்சைக் குழந்தையின் தோலுக்கு அந்த மெத்தென்ற துணிதான் நல்லது.

பையில் என்னென்ன வைக்கணும்?

ஒரு கட்டைப்பை போதும். மூன்று பகுதியாகப் பிரித்து வையுங்கள்.

1. காகிதங்கள் (மேலே, பிளாஸ்டிக் கவரில்)
- பிக்மி எண் உள்ள தாய் சேய் நல அட்டை
- ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு
- ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக் நகல்கள்
- காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும்
- முக்கியமான போன் நம்பர்கள் எழுதிய தாள்

இரத்த வகை, இரத்த அளவு, பிரஷர் எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். பார்த்தவுடனே டாக்டருக்கும் நர்சுக்கும் விவரம் புரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் பிக்மி எண் வேண்டும்.

2. தாய்க்கு
- முன்பக்கம் திறக்கிற நைட்டி 3, உள்பாவாடை, உள்ளாடைகள்
- பெரிய நாப்கின் 2 பாக்கெட்
- துண்டு, போர்வை, சோப்பு, பிரஷ், பேஸ்ட், சீப்பு, செருப்பு
- தட்டு, டம்ளர், பிளாஸ்க், சின்ன பக்கெட், மக்
- போன் சார்ஜர், கொஞ்சம் சில்லறை

3. குழந்தைக்கு
- பருத்தித் துணிகள் 10, மெல்லிய துண்டு 2
- தொப்பி, காலுறை, போர்த்துகிற கெட்டித் துணி

தொப்பியை மறக்க வேண்டாம். பிறந்த குழந்தையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவும் கூடாது.

பையில் வைக்கக் கூடாதவை

பால் பாட்டில், பால் பவுடர், தேன், சர்க்கரை எதுவும் வேண்டாம். சேனை தொட்டு வைக்கிற பழக்கம் குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். நகைகளை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். வளைகாப்பு வளையல்களையும் கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள். ஊசி போடவும் குளுக்கோஸ் ஏற்றவும் அவை இடைஞ்சல்.

தாய்வீடு போகிறவர்கள் கவனிக்க

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது சேலையும் பலகாரமும் போகும். அட்டையும் ரிப்போர்ட்டும் மாமியார் வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிடும். இது பல வீடுகளில் நடக்கிற விஷயம். காகிதக் கவரை முதலில் எடுத்து வையுங்கள். இரண்டு ஊர் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தகவல் சொல்லுங்கள்.

எப்போது கிளம்பணும்?

விட்டுவிட்டு வரும் வலி நெருங்கி நெருங்கி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ கிளம்பிவிடணும். இரத்தம் படுதல், கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும், மாசம் எதுவானாலும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பை தயாராக இல்லாவிட்டாலும் நிற்க வேண்டாம். அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், மற்றது பின்னால் வரட்டும்.

2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, இரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம். திரும்பி வீடு வர 102-ஐக் கேளுங்கள். சுகப்பிரசவம் என்றாலும் 48 மணி நேரமாவது அங்கேயே இருக்கணும்.

குழு என்ன செய்யலாம்?

பையைத் தயார் செய்வது கர்ப்பிணியின் வேலை மட்டுமல்ல. அது எங்கே இருக்கிறது என்று கணவருக்கும் மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கணும். கூடப் போவது யார், வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்ப்பது யார், இரத்தம் தர இரண்டு பேர் யார் என்பதை முன்கூட்டியே பேசி வைக்கணும். கைச்செலவுக்குப் பணம் இல்லையென்றால், அவசரக் கடனை எட்டாம் மாதத்துக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடலாம். வலி வந்த பிறகு கந்துவட்டிக்கு ஓடும் நிலை நம் உறுப்பினருக்கு வரக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் இப்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்? யாருக்கு எட்டாம் மாதம்?
2. அவர்களின் காகிதங்கள் இப்போது எந்த வீட்டில் இருக்கின்றன?
3. ராத்திரியில் வலி வந்தால் கூடப் போகும் உறுப்பினர் யார்?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும்.