ஸ்டுட்கார்ட்டில் பிள்ளைப்பேறு

ஜெர்மனியில் கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே ஒரு ஹெபாமேவைத் தேடத் தொடங்கிவிடுங்கள். ஸ்டுட்கார்ட்டில் பிள்ளை பெற்றவள் என்ற முறையில், இங்கே உண்டாகியிருக்கும் நம் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஹெபாமே என்பவர் முறையாகப் படித்து உரிமம் பெற்ற மருத்துவச்சி. பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் அவர் நம்மைத் தேடி வருவார். முதல் 10 நாள் தினமும் வரலாம். அதன் பிறகும் பிள்ளைக்கு 12 வாரம் ஆகும்வரை தேவைக்கேற்ப வருவார். பிள்ளையை எடை போடுவார், தொப்புள் காய்கிறதா, தையல் ஆறுகிறதா, பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சட்டபூர்வ மருத்துவக் காப்பீடு இருந்தால் நமக்குச் செலவே இல்லை. ஆனால் பெரிய நகரங்களில் ஹெபாமே கிடைப்பது அரிது. பிரசவ நாள் கோடை விடுமுறையிலோ கிறிஸ்துமஸை ஒட்டியோ வந்தால் இன்னும் சிரமம்.

ஊரில் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். கேட்காமலே நாலு பேர் வந்து நிற்பார்கள். இங்கேயும் உதவி நிறைய உண்டு. ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதையும் காலத்தோடு கேட்க வேண்டும்.

அடுத்தது அம்மாவின் வருகை. ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும். பிரசவத்துக்கு முன்பே வர வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. "நீ வலியில கெடக்குறப்ப நான் பக்கத்துல இல்லாம எப்படிடி?" என்று போனில் அழுதார். ஆனாலும் பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதும் வரச் சொன்னேன். அந்த முதல் மாதம் கணவர் எல்டர்ன்கெல்ட் என்னும் பெற்றோர் உதவித்தொகை பெற்று விடுப்பில் இருந்தார், ஹெபாமேவும் வந்துபோனார். கணவர் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அம்மா வந்து இறங்கினார். இந்த ஏற்பாட்டையே எல்லோருக்கும் சொல்வேன். அம்மா வரும்வரை சமாளிக்க, பூண்டும் மிளகும் அரைத்துக் குழம்பு வைக்கக் கணவருக்கு முன்பே பழக்கிவிடுங்கள். அம்மாவின் பெட்டியில் நெய் வேண்டாம். வெளியிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடாது. கருவாட்டுக்குத் தடையில்லை.

பிள்ளையை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை குளிப்பாட்டினால் போதும் என்றார் ஹெபாமே. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுவதை அம்மாவிடமே விட்டேன். மூக்கில் ஊதுவதையும் சாம்பிராணிப் புகையையும் வேண்டாம் என்றேன். தூக்க விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தனிக் கட்டில், மல்லாந்த நிலை, தலையணை கூடாது, போர்வைக்குப் பதில் உறக்கப்பை. உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தவிர்க்கச் சொல்லப்படும் முறை இது.

நம்மவர்கள் பலர் திணறுவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழ் தரும் ஸ்டாண்டஸ்ஆம்ட் அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கோ இனிஷியல்தான். கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர், மனைவியுடையதில் அவள் அப்பா பெயர், சிலருக்கு அந்த இடமே காலி. தாத்தா பெயரா, அப்பா பெயரா என்பதை வலி எடுப்பதற்கு முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். அந்தச் சான்றிதழில் ஏறும் பெயர்தான் பிள்ளையின் பாஸ்போர்ட்டிலும் வரும்.

அந்த அலுவலகம் பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும், நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு கேட்கும். நம் தலைமுறையில் பலரது பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். நகராட்சியில் பெயர் சேர்க்க ஊரில் ஒருவர் அலைய வேண்டியிருக்கும். சில ஊர்களில் இந்தியச் சான்றிதழ்களை ஜெர்மன் தூதரகம் வழியாகச் சரிபார்க்கவும் சொல்வார்கள், அதற்கு மாதக்கணக்காகும். உங்கள் ஊரில் என்ன கேட்பார்கள் என்பதை ஐந்தாம் மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் நடக்கும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். சைவம் மட்டுமே சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குழந்தை மருத்துவரையும் பிரசவத்துக்கு முன்பே பேசி வையுங்கள். பலர் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வரும் பரிசோதனைக்கு அவரிடம்தான் போக வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு மூன்று கெடுக்கள் உண்டு. எல்டர்ன்கெல்ட் பின்தேதியிட்டு 3 மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும். ப்ளூ கார்டில் இருப்பவர்களும் பெறலாம். பிள்ளையின் வசிப்பு அனுமதிக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமைக்காக இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மூன்று விண்ணப்பங்களிலும் பிள்ளையின் பெயரும் தேதியும் தவிர மற்றதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே எழுதி, ஒரே கோப்பில் வைத்துக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு அந்த வேலை முழுக்க அவருடையதாக இருக்கட்டும்.