இணையம் மெதுவா, கணினி மெதுவா?

திங்கட்கிழமை காலை மணியடிப்பதற்குள் மாணவர் வருகையை இணையத்தில் பதிய வேண்டும். ஆசிரியர் அறையின் பழைய மடிக்கணினியில் அந்தப் பக்கம் திறக்க 40 விநாடி ஆனது. “லைன் சரியில்லை சார். வேகமான திட்டத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுப்போம்” என்றார் பக்கத்து மேசை டீச்சர். அதே வைஃபையில் என் கைப்பேசியில் திறந்தேன். 6 விநாடி.

ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்று ஆரம்பப் பள்ளியிலேயே படிக்கிறோம். இங்கே இணைப்பு மாறவில்லை, கருவிதான் மாறியது. ஆனால் சில தளங்கள் கைப்பேசிக்கு எளிய பக்கத்தை அனுப்பும். அதனால் ஒரு புதிய மடிக்கணினியிலும் திறந்து பார்த்தேன். அதிலும் சில விநாடிகள்தான்.

ஆயர் ஈத்தாம் பீங்கான் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் லாரி விரைவாக வந்துவிடும். வைக்கோல் சுற்றிய ஜாடிகளைப் பிரித்து அடுக்க ஒரே ஒரு பணியாளர் என்றால் கடை எப்போது திறக்கும்? இன்றைய இணையச் செயலிகளும் அப்படித்தான். எழுத்தும் படமும் மட்டும் வருவதில்லை; ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் சுருக்கிக் கட்டப்பட்டு வருகிறது. உலாவி அதை விரித்து, படித்து, இயக்க வேண்டும். இதில் பெரும்பகுதி ‘முதன்மை இழை’ என்ற ஒரே வரிசையில் நடக்கிறது. அந்த வரிசையை 50 மில்லிவிநாடிக்கு மேல் பிடித்துவைக்கும் வேலை ‘நீண்ட பணி’ எனப்படும். அது முடியும்வரை நீங்கள் எத்தனை முறை சொடுக்கினாலும் திரை அசையாது.

குரோம் உலாவியில் எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதி, ஒவ்வொரு கோப்பும் வந்துசேர்ந்த நேரத்தைக் காட்டும். முதல் பதிலுக்கே நீண்ட காத்திருப்பு என்றால் பெரும்பாலும் எதிர்முனைச் சேவையகத்தில் நெரிசல். கோப்புகள் இறங்கவே நேரமானால் லைன். எங்களுக்கோ எல்லாம் 5 விநாடியில் வந்துவிட்டன. மீதி 35 விநாடி மடிக்கணினியின் கணக்கு. ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பதிவு செய்தால் நிரல் ஓடும் நேரம் மஞ்சளாகத் தெரியும். எங்கள் திரையில் மஞ்சள்தான் அதிகம்.

அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். 4 ஜிகாபைட் ரேம் நிரம்பி வழிந்தது. வன்தட்டு 100 விழுக்காடு. திறந்து கிடந்த தாவல்கள் 17! (அதில் மூன்று என்னுடையவை.) ரேம் நிரம்பினால் விண்டோஸ் தரவை வன்தட்டுக்குத் தள்ளும். ரேமில் ஒரு தரவைத் தொட ஏறத்தாழ 100 நானோவிநாடி. சுழலும் வன்தட்டில் 10 மில்லிவிநாடி. ஒரு லட்சம் மடங்கு.

தாவல்களை மூடினோம்: 22 விநாடி. பிறகு நீட்சிகள் இயங்காத இன்காக்னிட்டோ சன்னலில் திறந்தோம்: 14. யாரோ எப்போதோ சேர்த்த தள்ளுபடி தேடும் நீட்சி ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் தானும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நீக்கினோம்.

எஞ்சியது பழைய பிராசசரும் தளத்தின் கனமும். தளம் அமைப்பவர்கள் தங்கள் புதுக் கணினியிலேயே இதை உணரலாம். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் வேகத்தை 4 மடங்கு குறைத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறது. எத்தனை பேர் அதைத் தொடுகிறார்களோ!

டீச்சர் மனுவை எழுதிவிட்டார். அதில் லைன் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டிருப்பது இன்னொரு 4 ஜிகாபைட் ரேமும், சுழலும் வன்தட்டுக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டியும்.