ஸ்டார்கிராஃப்ட் 2: சண்டைக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஸ்டார்கிராஃப்ட் 2-வை டவுன்லோட் பண்ணி, நாலு மேட்ச் ஆடி, நாலுலயும் தோத்துட்டு, "நமக்குக் கை வேகம் பத்தாது மச்சி"ன்னு அன்இன்ஸ்டால் பண்றவங்க நிறைய பேர். நீங்களும் அந்த முடிவுல இருந்தா, இதைப் படிச்சிட்டு அப்புறம் பண்ணுங்க. பெரும்பாலும் உங்களைத் தோக்கடிச்சது விரல் இல்லை, செலவு பண்ணாம கிடந்த மினரல்தான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ப்ளிசார்ட் 2010-ல் வெளியிட்ட கேம் இது. 2017 நவம்பரிலிருந்து மல்டிபிளேயர் இலவசம். எதிர்காலத்துல, விண்மீன் மண்டலத்தின் ஒரு மூலையில மூணு இனங்களுக்கு நடுவுல போர்: மனிதர்களான டெர்ரான், பூச்சி மாதிரி பெருகுற ஸெர்க், தொழில்நுட்பத்துல முன்னேறிய ப்ரோட்டாஸ். செஸ் மாதிரி "இப்ப உன் முறை, அடுத்து என் முறை" கிடையாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடுறாங்க. நீங்க யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் எதிராளிக்கும் ஓடுது. இங்கே உதாரணத்துக்கு டெர்ரானை எடுத்துக்கலாம்.

வரவு

ஆட்டம் 12 எஸ்சிவி, 50 மினரலோட ஆரம்பிக்கும். எஸ்சிவிதான் உங்க தொழிலாளி. ஒரு தடவை போய் வந்தா 5 மினரல் கொண்டு வரும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 55. அதோட விலை 50. அதாவது ஒரு நிமிடம் உழைச்சா போட்ட காசு திரும்பிடும், அதுக்கப்புறம் வர்றதெல்லாம் லாபம்.

ஒரு பேஸ்ல 8 மினரல் குவியல் இருக்கும். ஒரு குவியலுக்கு 2 பேர் சரியான அளவு. மூணாவது ஆள் வந்தா வரிசையில காத்திருப்பான், வரவு பெருசா ஏறாது. ஆக 16 பேர் வேலை பார்த்தா நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 900 மினரல்.

செலவு

கமாண்ட் சென்டர் 12 விநாடிக்கு ஒரு எஸ்சிவி தரும். நிமிடத்துக்கு 5, செலவு 250. பாரக்ஸ் 18 விநாடிக்கு ஒரு மரீன் தரும், விலை 50. மூணு பாரக்ஸ் வெச்சா நிமிடத்துக்கு 10 மரீன், செலவு 500. மொத்தம் 15 புது ஆளுங்களுக்கு இடம் வேணும். 100 மினரல் சப்ளை டெப்போ ஒண்ணு 8 பேருக்கு இடம் தரும், அதனால ரெண்டு டெப்போ, செலவு 200. கூட்டினா 950.

வரவு 900, செலவு 950. ஒரு பேஸ், மூணு பாரக்ஸ் எப்பவும் ஓடிக்கிட்டே இருந்தா கையில கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சக் கூடாது. ஸ்க்ரீன் மேல வலது மூலையில 1000 மினரல் தெரியுதா? அது சேமிப்பு இல்லை. பிறக்க வேண்டிய 20 மரீன் பிறக்கலைன்னு அர்த்தம்.

எங்கே அடைச்சிருக்கு?

காசு குவியும்போது மூணு கேள்வி கேளுங்க. டெப்போ இல்லாம எல்லாம் நின்னு போச்சா? அப்போ டெப்போ போடுங்க. பாரக்ஸ் சும்மா நிக்குதா? அப்போ நீங்கதான் பாட்டில்நெக், திரும்பிப் பார்க்க மறந்திருக்கீங்க. எல்லா பாரக்ஸும் ஓடியும் காசு குவியுதா? அப்போ பாரக்ஸ் பத்தல, இன்னொண்ணு கட்டுங்க.

"ஒரேடியா அஞ்சு எஸ்சிவியை க்யூல போட்டுட்டா நிம்மதி"ன்னு தோணும். ஆனா க்யூல போட்ட உடனே காசு மொத்தமும் கழிஞ்சிடும். ஒண்ணுதான் உருவாகும், மீதி நாலோட 200 மினரல் சும்மா முடங்கிக் கிடக்கும். அந்த 200-ல ஒரு பாரக்ஸே கட்டலாம், அது 150 தான்.

உண்மையான பற்றாக்குறை

இவ்வளவும் கூட்டல் பெருக்கல்தான். அப்புறம் ஏன் எல்லாருக்கும் வர்றதில்லை? கண் ரெண்டுதான், ஸ்க்ரீன் ஒண்ணுதான். ஸெர்க்கோட பேனலிங் கூட்டம் உருண்டு வர்றப்போ நீங்க வேற பக்கம் பார்த்தா மரீன் மொத்தமும் காலி. சண்டையை மட்டுமே பார்த்தா பேஸ் தூங்கிடும். மினரலை விட அரிதானது உங்க கவனம்.

அதைப் பகிர ஒரு வழி இருக்கு. கமாண்ட் சென்டரை கிளிக் பண்ணி கன்ட்ரோல்-4, பாரக்ஸ் எல்லாத்தையும் சேர்த்து கன்ட்ரோல்-5. அதுக்கப்புறம் சண்டைய விட்டுக் கண்ணை எடுக்காமலே 4, எஸ் அடிச்சா எஸ்சிவி. 5, ஏ, ஏ, ஏ அடிச்சா மூணு மரீன். இதை ஒரு தாளம் மாதிரி பழகிக்கோங்க.

கவனத்தோட விலை என்னன்னு காட்ட ஒரு நல்ல உதாரணம் உண்டு. டீப்மைண்டோட ஆல்ஃபாஸ்டார், டிஎல்ஓ, மனா என்ற ரெண்டு தொழில்முறை வீரர்களை 10-0ன்னு ஜெயிச்சதை 2019 ஜனவரியில காட்டினாங்க. அந்தப் பத்துலயும் அது கேமராவை நகர்த்த வேண்டியதே இல்லை. மேப்ல தன் கண்ணுக்கு எட்டினதை எல்லாம் ஒரே நேரத்துல பார்த்துச்சு. அன்னிக்கு லைவா நடந்த பதினோராவது ஆட்டத்துல, நம்மள மாதிரி கேமராவை நகர்த்திப் பார்க்கிற வேற வடிவத்தை இறக்கினாங்க. மனா ஜெயிச்சார். அந்த வடிவத்துக்கு ஏழு நாள் பயிற்சிதான், அதனால கேமரா மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா எங்கே பார்க்கணும்னு முடிவு பண்றதும் ஒரு வேலைதான்னு அதுக்குப் புரிய வெச்சது அந்த ஆட்டம்.

இந்த வாரப் பயிற்சி

கம்ப்யூட்டரை ஈஸியில வெச்சு ஒரு ஆட்டம் தொடங்குங்க. சண்டை வேணாம், பாரக்ஸ் வேணாம். ஒரே கமாண்ட் சென்டர், எஸ்சிவியும் டெப்போவும் மட்டும். 12 விநாடிக்கு ஒண்ணுன்னா 3 நிமிடத்துல 15 புதுசு, ஏற்கெனவே இருந்த 12-ஐச் சேர்த்து 27. உங்களுக்கு எத்தனை வருதுன்னு பாருங்க. ஆரம்ப இடம் 15 பேருக்குத்தான், அதனால 14 வந்ததும் முதல் டெப்போ, 21 வாக்குல ரெண்டாவது.

25-க்கு மேல வர ஆரம்பிச்சதும் மூணு பாரக்ஸ் சேர்த்து நிஜ ஆட்டம் ஆடுங்க. முடிஞ்சதும் ஜெயிச்சோமா தோத்தோமான்னு மட்டும் பார்த்துட்டு மூடாம, ஸ்கோர் பக்கத்துல செலவாகாத வளத்தோட சராசரியைக் குறிச்சு வைங்க. பத்து ஆட்டத்துக்கு இதைப் பண்ணுங்க. அந்த எண் இறங்க இறங்க, எதிராளி வாசல்ல நிக்கிற உங்க மரீன் எண்ணிக்கை ஏறும். அதுக்கப்புறமும் தோத்தா, அன்னிக்குக் கை வேகத்தைப் பத்திப் பேசலாம்.