பீலித் தண்ணியும் ஆர்.ஓ. மெஷினும்

போன மாதம் வவுனியாவிலிருந்து தம்பி போன் எடுத்தான். "அக்கா, மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. மெஷின் ஒண்ணு வாங்கப் போறேன். வாங்கலாமா?" "வாங்குடா, நல்லது" என்றேன். அதே வாரம் பணிய லயத்துப் பொடியன் ஒருவன் அதே கேள்வியோடு வாசலில் வந்து நின்றான். ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். "போடா, அந்தக் காசுக்கு இன்னும் பெரிய தொட்டியா வாங்கு" என்று சொல்லிவிட்டேன். "உங்க தம்பின்னா ஒரு பேச்சு, எனக்கு ஒரு பேச்சா அக்கா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டு பேச்சும் சரிதான். சந்தேகம் இருந்தால் கேத்தலைத் திறந்து பாருங்கள். தம்பி வீட்டுக் கேத்தலுக்குள் வெள்ளையாக ஓடு கட்டிக் கிடக்கும், நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காகப் பெயரும். கிணற்றுத் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. இங்கே என் கேத்தல் ஆறு வருடம் பழையது, அடியில் இன்னும் முகம் தெரியும். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளித்தால் சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகவே போகாது, வழுவழு என்று நிற்கும். மழை பெய்து, பாறையில் வழிந்து, அப்படியே பீலிக்கு வருகிற தண்ணீர் அது. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வர அதற்கு நேரமும் இல்லை, வழியில் சுண்ணாம்புக் கல்லும் இல்லை.

ஆர்.ஓ. என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். நாம் பிளம்ஸ் என்கிறோமே, அந்தக் காய்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதும். வெளியே இருக்கிற தண்ணீர், சீனி இருக்கிற பக்கம் தேடித் தோலுக்குள் போகிறது. இந்த மெஷினில் அதைத் தலைகீழாக்குகிறார்கள். உப்புத் தண்ணீரைப் பம்பால் அழுத்தி, மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியாகத் தள்ளுகிறார்கள். தண்ணீர் கடந்து போகும், உப்பும் சுண்ணாம்பும் பெரும்பாலும் பின்னால் தங்கும். 1959இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சவுரிராஜனும் இதற்கு உருப்படியான சவ்வைச் செய்தார்கள். அனுராதபுரம், மெதவாச்சி பக்கம் சிறுநீரக நோய்க்குப் பயந்து சனம் கேன் கேனாகத் தூக்கிப் போவதும் இந்த மெஷின் தண்ணீரைத்தான்.

எங்கள் இரத்தினபுரி, கேகாலை மலைகளில் மழையே அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற என் ரீ.டீ.எஸ். மீற்றரைப் பீலியில் பிடித்தால் முப்பதைத் தாண்டுவதில்லை. இதை இன்னொரு மெஷினுக்குள் விட்டு எதை எடுக்கப் போகிறோம்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்கிற செர்ரி பார்ப், சிங்களத்தில் லே திட்டயா, நம் ஈரவலய ஓடைகளில் மட்டும் இயற்கையாக வாழ்கிற மீன். 1929இல் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆண் மீனின் முகம் சிவப்பதால் புலத் ஹப்பயா என்கிற பிளாக் ரூபி பார்ப்பும் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர். லண்டனில் குழாய்த் தண்ணீர் கடினம். அங்கே இந்த மாதிரி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்க நினைக்கிறவர்கள் ஆர்.ஓ. வாங்கி, மூன்று லீற்றரைச் சாக்கடைக்கு விட்டு ஒரு லீற்றர் பிடிக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்கிற தண்ணீர் நம் பீலியில் இரவு பகலாகச் சும்மா ஓடுகிறது.

அதற்காக ஓடைக்கு வலையோடு போய்விடாதீர்கள். கேகாலை கலப்பிட்டமடப் பக்கத்து ஓடையில் மட்டும் காணப்பட்ட பந்துல பார்ப் என்ற மீனுக்கு 1991இல்தான் விஞ்ஞானப் பெயரே வைத்தார்கள். இன்றைக்கு அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. தொட்டியில் பிறந்த மீனை வாங்குங்கள். அது பழகிய மீன், சாப்பாட்டுக்கும் அடம் பிடிக்காது.

மீற்றர் இல்லாதவர்கள் சுத்தமான முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தொடாமல் காய விடுங்கள். வெள்ளை வளையம் அழுத்தமாக விழுந்தால் பெரும்பாலும் கடினத் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை என்றால் மென்மையான தண்ணீர். மீற்றர் வாங்கினாலும் அது உப்பு மொத்தமாக எவ்வளவு என்றுதான் காட்டும். அது சுண்ணாம்பா, சோற்று உப்பா, மருந்தா என்று சொல்லாது. கடினத்தன்மைக்கு ஜீ.எச்., காரத்தாங்கலுக்கு கே.எச். என்று சொட்டு விட்டு எண்ணுகிற சின்னப் போத்தல்கள் விற்கிறார்கள். மெஷினுக்கு முன்னால் அந்த இரண்டையும் வாங்குங்கள். நான் வாங்காமல் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது தொட்டியில் கப்பி விட்டிருந்தேன். ஐம்பது லீற்றர், முழுக்கப் பீலித் தண்ணீர். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு மீன்கள் செட்டையை மடக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று குளிர் நடுக்கம் மாதிரி ஆட ஆரம்பித்தன. தண்ணீர் புளித்துப் போயிருந்தது, பீ.எச். ஐந்துக்குப் பக்கம். யாரோ சொன்னார்கள் என்று அப்பச் சோடாவைக் குவித்து ஒரு கரண்டி போட்டுக் கலக்கிவிட்டுப் படுத்தேன். காலையில் கொழுந்து எடுக்கப் போக முன்னால் எட்டிப் பார்க்கிறேன், பதினொரு கப்பி வயிற்றைக் காட்டி மிதக்கிறது. பெரிய பெட்டை ஒன்று மட்டும் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவைத் தின்கிற நல்ல கிருமிகள் வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரம் செலவாகும். நம் தண்ணீரில் அந்தச் சேமிப்பு ஏற்கனவே இல்லை, அதனால் பீ.எச். சரிந்துவிடும். சரிந்ததும் கிருமிகள் வேலையை நிறுத்தும், கழிவு தேங்கும். புளித்த தண்ணீரில் அந்த அமோனியா விஷம் மிகக் குறைந்த உருவத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். நான் சோடாவைக் கொட்டி ஒரே இரவில் எழுப்பிவிட்டேன். அந்த மாதிரித் தொட்டியைக் கண்டால் முதலில் நாலைந்து நாள் கால்வாசித் தண்ணீரை அதே பீலித் தண்ணீராலேயே மாற்றிக் கழிவை வெளியேற்றுங்கள். சோடா அதற்குப் பிறகு. ஐம்பது லீற்றருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி போட்டால் கே.எச். சுமார் நான்கு பாகை ஏறும். அதை ஒரே நாளில் ஏற்றாமல் கால் கரண்டியாக நாலு நாளில் ஏற்றவேண்டும்.

இப்போது நான் சோடாவையும் நம்புவதில்லை. கவ்வாத்து முடிந்த மலைக்குப் போடுகிற டொலமைட் எல்லாருக்கும் தெரியும். கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கல் அது, பலாங்கொடைப் பக்கத்திலேயே இருக்கிறது. தூள் வேண்டாம், பால் மாதிரிக் கலங்கும். சின்னச் சல்லியாகக் கிடைத்தால் கழுவி, பழைய நைலோன் காலுறையில் ஒரு கைப்பிடி கட்டி வடிகட்டிக்குள் போடுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்க மெதுவாகக் கரையும், புளிப்பு போனதும் கரைவது தானாகக் குறைந்துவிடும். கப்பி, மொலி எல்லாம் கடினத் தண்ணீர் மீன்கள், இது கட்டாயம் வேண்டும். செர்ரி பார்ப்புக்கு அரைக் கைப்பிடியே அதிகம். சோற்று உப்பு இதற்குப் பதிலாகாது, அதில் கல்சியம் இல்லை.

தண்ணீர் மென்மை என்பதால் சுத்தம் என்று நினைத்துவிடவும் கூடாது. மேட்டுத் தோட்டங்களில் கொழுந்தில் கொப்புளம் விழுகிற நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். இறாலும் நத்தையும் சாவதற்குச் செம்பு துளியிலும் துளி போதும், மென்மையான தண்ணீரில் அதன் விஷம் இன்னும் கூர்மை. மீற்றர் அதைக் காட்டாது. மேலே எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடித்த பிறகு வருகிற முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது.

கூரைத் தண்ணீரும் அப்படித்தான். நாகம் பூசிய தகரத்தில் வழிகிற மழைநீர் நாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும், அதுவும் மீனுக்கு ஆகாது. மழைநீர் வேண்டுமென்றால் வாசலில் வானம் பார்த்து பிளாஸ்டிக் பேசினை வைத்து, முதல் பத்து நிமிடத்தை ஊற்றிவிட்டுப் பிடியுங்கள். வலை கட்டி மூடுங்கள். நுளம்புப் புழுவோடு சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. ஐயாவிடம் மாட்டினால் மீன் வளர்க்கிறேன் என்ற கதை எடுபடாது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளே, பால் உறைய வைக்கிற அசிட் வந்த கேனை எத்தனை தரம் கழுவினாலும் தண்ணீர் சேர்க்க எடுக்காதீர்கள். வைகாசி மழையில் பீலி கலங்கினால் படிகாரம் போடுகிற பழக்கமும் நமக்கு உண்டு. குடிக்கிற குடத்தில் போடுங்கள், தொட்டித் தண்ணீரில் வேண்டாம். இருக்கிற கொஞ்சக் காரத்தையும் அது தின்றுவிடும். வாளியில் ஒரு நாள் தெளிய வைத்து மேல் தண்ணீரை மொண்டால் போதும்.

ஆர்.ஓ. யாருக்கு வேண்டும் என்றால் என் தம்பிக்கு. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு. சுண்ணாம்புப் பாறை மேல் கிணறு தோண்டியிருக்கிற யாழ்ப்பாணத்தாருக்கு. நம் இரத்தினபுரி மாவட்டத்திலேயே காய்ந்த பக்கமான எம்பிலிப்பிட்டியவில் குழாய்க்கிணறு வைத்திருப்பவர்களுக்கும் வேண்டியிருக்கலாம். தம்பிக்குப் போனில் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

மெஷின் வேலை செய்யச் சுமார் நாற்பது பீ.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். கூரை மேல் தாங்கி மூன்று மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது நாலைந்துதான், ஆகவே பம்போடு சேர்த்து வாங்கு. தூசி வடிகட்டி, கரி வடிகட்டி, பிறகு சவ்வு. நகரத்துக் குழாயில் வருகிற குளோரின் சவ்வைக் கெடுக்கும் என்பதால் கரி முன்னால் இருக்கவேண்டும், அதைக் காலத்தோடு மாற்றவும் வேண்டும். குடிக்கிற மெஷின்களில் கடைசியில் தாது சேர்க்கிற குழல் ஒன்று இருக்கும், மீனுக்கு அதற்கு முன்னாலேயே தண்ணீரை எடு. உள்ளே போகிற தண்ணீர் மீற்றரில் 400 காட்டி, வெளியே வருவது 20 காட்டினால் சவ்வு நலம். 60, 70 என்று ஏறினால் மாற்றுகிற நாள் வந்துவிட்டது. கழிவுத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துத் தரை கழுவு, கக்கூஸுக்கு ஊற்று. மிளகாய்க் கன்றுக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். ஒரு குடத்துக்காகப் பீலிக்கரையில் அம்மா வரிசையில் நின்றதைப் பார்த்தவள் நான், மூன்று வாளி சாக்கடைக்கு ஓடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மீனை விடாதே. நன்னீர் மீனின் உடம்புக்குள் அந்தப் பிளம்ஸ் மாதிரியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அது தண்ணீரை வெளியேற்றி உப்பைப் பிடித்து வைத்தே பிழைக்கிறது. வெளியே உப்பே இல்லையென்றால் அதன் பாடு திண்டாட்டம். கலந்து விடு. உன் கிணற்றுக் கடினம் 16 பாகை, உனக்கு 4 வேண்டும் என்றால் நாலில் ஒரு பங்கு கிணறு, மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்ததை ஒரு மணி நேரம் காற்றுக் கல் போட்டு ஓடவிடு. தொட்டியில் ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்.ஓ. ஊற்று. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு அங்கேயே கிடக்கும். அதற்கு மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கடினம் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் மாற்றுகிற நாளில் மட்டும் கலவை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பாசி, பன்னம், சின்ன ஓடை என்று ஒரு துண்டுக் காடு வைக்கிறார்களே, விவேரியம், அதில் கணக்கு வேறு. அங்கே விசிறுகிற தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. அல்லது மழைநீரே நல்லது. கிணற்றுத் தண்ணீரை விசிறினால் இரண்டு கிழமையில் கண்ணாடி அம்மை வடு மாதிரிப் புள்ளி விழும், பாசியின் நுனி கருகும். புள்ளி விழுந்துவிட்டால் வினாகிரி நனைத்த துணியை வெளியில் வைத்துப் பிழிந்து துடையுங்கள், பாசியில் சொட்டக்கூடாது. காட்டிலிருந்து தவளை பிடித்து அதற்குள் விடுவது மட்டும் வேண்டாம். பல இனங்கள் இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை, வனசீவராசிகள் சட்டமும் இருக்கிறது. மரத்தில் பூத்த வெசாக் ஓர்கிட்டைப் பெயர்த்து வந்து கண்ணாடிக்குள் சாகவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். லயத்துப் பின்சுவரில் படர்ந்திருக்கிற பாசியே போதும், அழகும் குறைவில்லை.

அந்தப் பணிய லயத்துப் பொடியன் போன ஞாயிறு மறுபடி வந்தான். தொட்டியும் செர்ரி பார்ப் எட்டும் வாங்கிவிட்டானாம், கே.எச். சொட்டு மருந்தும் வாங்கிவிட்டானாம். முகத்தில் மட்டும் கவலை. "அக்கா, கிரிப்டோகொரைன் இலையெல்லாம் கூழாகிக் கரையுது. தண்ணி கெட்டுப்போச்சா?" கெடவில்லை. அது நம் ஓடைக்கரைச் செடிதான், ஆனாலும் தண்ணீர் மாறினால் இலையைக் கொட்டிக் காட்டும். கூழான இலையைக் கிள்ளி எடு, வேரைப் பிடுங்காதே, மூன்று நாலு கிழமையில் குருத்து வரும் என்று சொல்லி அனுப்பினேன்.