நம்பிக்கையான ஆள் வேலையை விட்டு நின்றால்...

பல வருடம் மளிகைக் கடையைத் தாங்கியவர், "அடுத்த மாசத்தோட நின்னுக்கிறேன் அண்ணாச்சி" என்றதும் கை ஒடிந்தாற்போல் இருக்கும். பதறாமல் இவற்றைச் செய்யுங்கள்:

* கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். சம்பளமோ, வேலை நேரமோ பிரச்னை என்றால் அன்றே பேசிப் பாருங்கள்.

* அவர் மனதில் மட்டும் இருக்கும் கணக்கை நோட்டில் ஏற்றுங்கள்: எந்தச் சரக்கு எந்தக் கிழமை வரும், யார் எவ்வளவு பாக்கி, எந்த வீட்டுக்கு எந்த அரிசி.

* புதியவரை ஒரு வாரமாவது அவர் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

* சாவி, கடை சிம் கார்டை வாங்கிக்கொண்டு, பில் போடும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

* பாக்கிச் சம்பளத்தை இழுத்தடிக்காதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

* பி.எஃப். பிடித்திருந்தால், அவர் நின்ற தேதியை இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் எடுக்கத் திண்டாடுவார்.

மனம் கோணாமல் அனுப்புங்கள். தீபாவளிக் கூட்டத்தைச் சமாளிக்க ஒரு போன் போட்டால், ஓடி வந்து நிற்பவர் அவராகத்தான் இருப்பார்.