சூளகிரி பங்க் நிலம்: இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்



சூளகிரிக்கு அருகே நெடுஞ்சாலையோரம் மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் நிலத்தைப் பற்றிய உன் ஆய்வறிக்கையைப் படித்து முடித்தேன். சுற்றியுள்ள கொத்தமல்லி, புதினாத் தோட்டங்களுக்கு நடந்தே போய், எந்த போர்வெல்லில் எத்தனை அடியில் பாறை வெடிப்பு வந்தது என்று ரிக் ஓட்டியவர்களிடமே கேட்டு ஒரு வரைபடம் போட்டிருக்கிறாயே, அதற்கு ஈடான வேலையை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. இந்தப் பாறைப் பூமியில் எண்ணெய் வெடிப்பைத் தேடித்தான் ஓடும் என்பதை அந்த ஒரு படமே காட்டிவிடுகிறது.

இவ்வளவு செய்தவன் சில இடங்களில் கோட்டைவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்க் 1980களில் தொடங்கியது என்று முதல் பக்கத்தில் எழுதுகிறாய். பென்சீன், டொலுவீன் எல்லாம் சோதித்திருக்கிறாய். ஈயம் எங்கே? ஈயம் கலக்காத பெட்ரோல் நாடு முழுக்க வந்தது 2000இல்தான். அதற்கு முன் அங்கே கசிந்த பெட்ரோல் ஈயத்தோடுதான் கசிந்திருக்கும். பென்சீனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஈயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாளை அந்த மனையில் வீடு கட்டினால் அந்த மண்ணில் விளையாடப்போவது குழந்தைகள்.

இன்னொன்று, இருப்புப் பதிவேடு. மண்ணைச் சோதிக்க அத்தனை துளை போட்ட நீ, அங்கே வேலை பார்த்த ஓர் ஆளைக்கூடத் தேடவில்லை. நான் ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பங்க் மேனேஜர் பழக்கம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். தினமும் காலையில் டேங்க்கில் டிப் ராடு இறக்குவார். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை ஒன்றை நுனியில் தடவியிருப்பார். மழைக்கு மறுநாள் அந்த நிறம் கூடுதல் உயரத்துக்கு ஏறியிருந்தால், மூடி வழியாக இறங்கியதா என்று முதலில் பார்ப்பார். இல்லையென்றால், "டேங்க் ஓட்டை சார்" என்பார். தண்ணீர் உள்ளே வரும் வழியில்தான் எண்ணெய் வெளியே போகும். வந்த லோடு, விற்றது, மிச்சம் மூன்றையும் ஒப்பிட்டால் எந்த டேங்க், எந்த ஆண்டிலிருந்து, ஏறக்குறைய எத்தனை லிட்டர் என்று பதிவேடு சொல்லிவிடும். அந்தக் கணக்கு எந்தத் துளையிலும் கிடைக்காது.

இனி பணம். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். 2013இல் தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தபோது, கூப்பிட்டுக் கேட்க பாரத் பெட்ரோலியம் என்ற நிறுவனம் இருந்தது. உன் நிலத்தில் டீலர் இறந்துவிட்டார், வாரிசுகள் வழக்கில் இருக்கிறார்கள் என்று நீயே எழுதுகிறாய். யாரிடம் போய் வசூலிப்பது? சோதனைக்கே காசு இல்லாததால்தான் இப்படிப்பட்ட நிலங்கள் முள் மண்டிக் கிடக்கின்றன. என்ன இருக்கிறதென்று தெரியாமல் எவரும் வாங்கமாட்டார்; விற்காத நிலத்தைச் சோதிக்க எவரும் செலவழிக்கமாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்க முதல் சோதனைக்கு அரசு பணம் போட்டாக வேண்டும். இதை நான் சொல்லாத கூட்டமில்லை.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டார்கள். மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்ய அங்கே 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் பெட்ரோலியத்தை விட்டுவிட்டது. 1986இல் கசியும் நிலத்தடித் தொட்டிகளுக்கென்றே, கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு நிதி திரட்டினார்கள். 2002இல் வந்த சட்டம், கைவிடப்பட்ட நிலங்களுக்கான பணத்தில் கால் பங்கைப் பெட்ரோலிய நிலங்களுக்கு ஒதுக்கியது. உள்ளாட்சிகள் மதிப்பீட்டுக்கு மட்டுமேகூட மானியம் கேட்கலாம்.

நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கான மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. பொறுப்பாளர் கிடைக்காவிட்டாலோ, அவரிடம் பணம் இல்லாவிட்டாலோ, சுத்திகரிப்புச் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். கடலில் எண்ணெய் கொட்டுவதை அந்த விதிகள் விலக்கின. பங்க் டேங்க்கை விலக்கவில்லை. உன் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ அனுப்ப வேண்டும். அதிலிருந்து 90 நாளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். வேலையை முடிக்கத்தான் காலக்கெடு இல்லை. இந்த விதிகள் வந்தபோது நாடு முழுவதும் அடையாளம் கண்டிருந்த 103 இடங்களில் சுத்திகரிப்பு தொடங்கியிருந்தது 7இல் மட்டும். அதனால் யார் முதலில் கதவைத் தட்டுகிறார்கள் என்பது முக்கியம்.

ஈயத்தைச் சோதித்துச் சேர். பழைய ஊழியர் ஒருவரையாவது கண்டுபிடி. தோட்டக்காரர்களின் கையெழுத்தோடு கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் அறிக்கையைக் கொடுத்து, அடுத்த பட்டியலில் அந்த சர்வே எண் ஏறும்வரை விடாதே.